சேவுகன் நெஞ்சில் இருந்தவர்கள்

சேவுகன் ஜாமீன்ல வெளிய வந்தப்ப, உள்ள கிடந்த எங்க தெரு ஆம்பளைங்க அத்தனை பேரோட இருமலும் அவன்கூடவே வெளிய வந்துருச்சு. இருமலுக்கு ஜாமீன்தாரர் வேணும்னு கோர்ட்டுல யாரும் கேட்கலை போலருக்கு. எப்படி வந்துச்சு, ஏன் வந்துச்சுன்னு என்கிட்ட கேட்காதீங்க. எங்க கூட்செட் தெருவுல அதை யாரும் கேட்கலை. வந்ததை எங்க உட்கார வைக்கிறது, யாரு முன்னாடி உட்கார்றது, யாரு பின்னாடி நிக்கிறது, அதுதான் எங்களுக்குப் பெரிய சோலியா இருந்துச்சு.

சேவுகன் என் தங்கச்சி நாகஜோதியோட புருஷன். வந்தவனை வாசல்ல நிப்பாட்டி, ஆரத்தி சுத்தி, தலையோட தண்ணி ஊத்தி, ஜெயில்ல போட்டிருந்த சட்டையைச் சாக்கடையோரமா எறிஞ்சிட்டு, உள்ள கூட்டிட்டுப் போயி சுவத்தோரமா உட்கார வச்சோம். எலும்பும் தோலுமா இருந்தான். அவன் உள்ள போறப்ப நடக்கப் பழகிட்டிருந்த அவன் மக தனுஷ்யா, இப்ப அவனை யாருன்னே தெரியாம என் சேலைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு எட்டி எட்டிப் பார்த்தா. காப்பியை ஒரு வாய் குடிச்சவன் இருமினான். அது அவன் இருமல்தான், மூணு தடவை சின்னதா இடிச்சுட்டு நின்னுரும், எனக்கும் நாகஜோதிக்கும் தெரிஞ்சதுதான். ரெண்டாவது இருமினது அவன் இல்லை.

வாய் என்னமோ அவன் வாய்தான். ஆனா அடிவயித்துல இருந்து கிளம்பி, நெஞ்சுல உருண்டு, கடைசியில ஒரு உறுமலோட முடிஞ்ச அந்த இருமல் எங்க மேஸ்திரி சோணைமுத்து அண்ணனோடது. நாலு வீடு தள்ளி அடுப்படியில இருந்த அவரு சம்சாரம் அங்கம்மாக்கா, குழம்புக் கரண்டியோட ஓடியாந்து, "எப்ப வந்தாரு, எங்கிட்டு இருக்காரு"ன்னு வீடு பூரா தேடுச்சு. சேவுகன் மறுபடி இருமினான். அக்கா அவன் வாயையே பார்த்துட்டு நின்னுச்சு. அப்புறம் கரண்டியைக் கீழ வச்சுட்டு, முந்தானையை இழுத்துச் செருகிட்டு, அவன் முன்னாடி சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சாப்பிட்டீகளா"ன்னு கேட்டுச்சு. சேவுகன்கிட்ட கேட்கலை, அவன் நெஞ்சுக்கிட்ட கேட்டுச்சு.

இருமலை வச்சு ஆளைச் சொல்றது எங்க தெருவுல ஒரு அதிசயமே இல்லை. எங்க ஆம்பளைங்க பூராப் பேரும் ரயிலடி கூட்செட்டுல சிமெண்ட் வேகன் இறக்குற லோடுமேன்கள். மூக்குல ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு வேகனுக்குள்ள போனா, வெளிய வரும்போது புருவம் வரைக்கும் சாம்பலடிச்சு, எவன் எவன்னு அவனுங்களைப் பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது, இருமினாத்தான் தெரியும். வேலை விட்டு வர்றப்ப தெருமுனையில அவன் இருமுற சத்தம் கேட்டதும் இவ எந்திரிச்சு தாழ்ப்பாளை எடுத்து விடுவா. தாலி கட்டின முதல் மாசத்துலயே புருஷன் பேச்சு பழகுறதுக்கு முன்னாடி இருமல் பழகிரும். அதுக்கு வைத்தியமும் எங்ககிட்டயே இருந்துச்சு, கருப்பட்டியும் வாழைப்பழமும். ரெண்டையும் தின்னா சிமெண்ட் தூசி வயித்துக்குள்ள இறங்கிப் போயிரும்னு நம்பினோம். எந்த இருமலா இருந்தாலும் அது சிமெண்ட் இருமல்தான், அதுக்குமேல யோசிக்க மாட்டோம். கேஸ்ல உள்ள போறதுக்கு முன்னாடியே சோணைமுத்து அண்ணன் மெலிஞ்சு, ராத்திரியில வேர்த்து, சளியில ரத்தம் பார்த்தாரு. அப்பவும் கருப்பட்டிதான் குடுத்தோம்.

கேஸ் என்னன்னா, காண்ட்ராக்டர் வெளியூர் ஆளுகளைக் கூட்டியாந்து வேகன் இறக்கப் போயி, தகராறாகி, அவன் ஆளு ஒருத்தன் செத்துப் போனான். யார் அடிச்சதுன்னு தெரியலை, அதனால தெருவையே அள்ளிட்டுப் போயிட்டாங்க. என் மகன் வீரணனையும் சேர்த்துத்தான். அவன் வேலைக்குச் சேர்ந்து அப்ப ரெண்டாவது வாரம்தான். சேவுகன் மட்டும் சம்பவம் நடந்தப்ப பிள்ளைக்குத் தடுப்பூசி போட ஆஸ்பத்திரியில நின்னான்னு ரொம்ப நாள் கழிச்சு சாட்சி கிடைச்சதால அவனுக்கு ஜாமீன் குடுத்தாங்க. அதுக்கும் அங்கம்மாக்காவும் நானும்தான் வீட்டுப் பத்திரத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட்டோம். தினம் காலையில அவன் நம்ம போலீஸ் ஸ்டேஷன்ல போயி கையெழுத்துப் போடணும், ஊரைத் தாண்டக் கூடாது, தாண்டினா அவனும் உள்ள, எங்க வீடும் போச்சு. மத்தவங்களுக்கு வாய்தா, வாய்தாவுக்குப் பின்னாடி இன்னொரு வாய்தா.

உள்ள எப்படி இருந்தீங்கன்னு கேட்டா சேவுகன் ரொம்பப் பேச மாட்டான். ஒருநாள் என்கிட்ட மட்டும் சொன்னான். "மதினி, ஒரு பிளாக்குல எங்க எல்லாரையும் சேர்த்துப் போட்டாங்க. மல்லாந்து படுக்க இடம் கிடையாது, ஒருக்களிச்சுத்தான் படுக்கணும். ஒருத்தன் புரண்டா வரிசையே புரளணும். சன்னல் உசரத்துல கையகலத்துக்கு ஒண்ணு. சோணைமுத்து அண்ணன் இருமுவாரு, அவரு விட்ட மூச்சை நான் இழுப்பேன், நான் விட்டதை அடுத்தவன் இழுப்பான், அப்படியே சுத்தி வந்து அண்ணன்கிட்டயே போயிரும். கொஞ்ச நாள்ல எது யார் மூச்சுன்னே தெரியலை மதினி."

அம்புட்டுத்தான் அவன் சொன்ன காரணம். போதும்னு விட்டுட்டோம்.

மறுநாள்ல இருந்து தெருவே அவன் வீட்டு வாசல்ல. ஜெயில்ல ஆளைப் பார்க்கப் போறதை எங்க பக்கம் மனு பார்க்கிறதுன்னு சொல்லுவோம். மனு பார்க்கணும்னா விடியறதுக்கு முன்னாடி கிளம்பி, ரெண்டு பஸ் மாறி, வெயில்ல நின்னு, கடைசியில ரெண்டு கம்பிவலைக்கு அங்கிட்டு அவன், இங்கிட்டு நாம, பக்கத்துல இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்துல கத்த, அவன் வாய் அசையறதை மட்டும் பார்த்துட்டு அழுதுக்கிட்டே திரும்பணும். இங்க அப்படி இல்லை. சுவத்தோரமா சேவுகன் உட்கார்ந்திருப்பான், நாம பாயில உட்கார்ந்திருப்போம், எப்ப வேணும்னாலும் நம்ம ஆளு இருமுவான். இருமினதும் அந்த வீட்டுப் பொம்பளை நகர்ந்து முன்னாடி போயி, எருமை கன்னு போட்டதை, கூரை பிரிஞ்சதை, மாமியார் வஞ்சதை, ரேஷன்ல பருப்பு போடாததை எல்லாம் ஒண்ணுவிடாம அவன் நெஞ்சுக்குச் சொல்லிட்டு வருவா. புருஷன் உள்ள போனப்ப வயித்துல இருந்த பிள்ளையைப் பெத்து வச்சிருந்த ஒருத்தி, அந்தப் பச்சை மண்ணைத் தூக்கியாந்து, சேவுகன் சட்டைப் பொத்தானைக் கழட்டி, நெஞ்சோட ஒட்டிப் படுக்க வச்சு, "பாருங்க, உங்க மூக்கு"ன்னு காட்டினா. நாங்க எல்லாம் கண்ணைத் துடைச்சுக்கிட்டோம்.

தெரு அதுக்குத் தக்கன மாறிக்கிச்சு. டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கியாந்து நாகஜோதி வீட்டு வாசல்ல போட்டாரு. காளியம்மன் கோயில் மணி நாக்குல துணியைச் சுத்திவிட்டாங்க, இருமல் கேட்காமப் போயிரக் கூடாதுன்னு. கல்யாண வீட்டு மைக்செட்டை அடுத்த தெருப் பக்கம் திருப்பிக் கட்டினாங்க. ஒரு வறட்டு இருமலுக்கு ரெண்டு வீட்டுக்காரிங்க உரிமை கொண்டாடி, மயிரைப் பிடிச்சுக்கிட்டு, கடைசியில சங்கத்து ஆபீஸ்ல பேசி, ஆளுக்கு ஒரு நாள் வச்சுக்கிடுங்கன்னு தீர்த்து வச்சோம். இம்புட்டுக்கும் நடுவுல சேவுகன் இருமி இருமி, விலாவைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வழிய உட்கார்ந்திருப்பான். ஒருத்தர்கூட அவனை எப்படி இருக்கன்னு கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லை.

என் பாடு வேற. எல்லார் வீட்டு இருமலும் வந்துச்சு, என் மகன் வீரணனோடது மட்டும் வரலை. தினம் பாயில முன்னாடி போயி உட்காருவேன், பொழுது சாயிற வரைக்கும் காதைத் தீட்டிக்கிட்டு இருப்பேன், வராது. "விடு பொன்னழகு, சின்னப் பய, நல்லா இருப்பான்"னு அங்கம்மாக்கா சொல்லும். சொல்லிட்டு மத்தவளுககிட்ட திரும்பி உச்சுக்கொட்டும். செத்துட்டானோன்னு நினைச்சேன், வாய்விட்டுச் சொல்லலை. அப்படி ஒருநாள் நான் எந்திரிச்சு வீட்டுக்குப் போகச் சேலையைத் தட்டுறேன், பின்னாடி இருந்து வந்துச்சு. சின்ன வயசுல மாந்தம் வந்தப்ப இருமுவான் பாருங்க, முதல்ல ஒரு கீச்சு, அப்புறம் ரெண்டு இடி, அதே இருமல். நான் அப்படியே திரும்பி விழுந்து சேவுகனைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டேன். அன்னைக்கு நெய்யும் முந்திரியும் போட்டு ஒரு அண்டா கேசரி கிண்டி, வீடு வீடாப் போயி, "என் மகன் இருமிட்டான்"னு சொல்லிக் குடுத்தேன். அதுக்கப்புறம் புது இருமல் யாருக்கு வந்தாலும் அந்த வீட்டுல கேசரின்னு எங்க தெருவுல ஒரு பழக்கமே ஆயிப் போச்சு.

அப்பத்தான் சகாயமேரி சிஸ்டர் ஸ்கூட்டியில வந்தாங்க. ஆஸ்பத்திரியில டிபிக்காரங்களுக்குன்னு இருக்கிறவங்க. மூக்குல வாயில பட்டை கட்டிக்கிட்டு, வாசல்லயே நின்னு, கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் எந்திரிச்சு வெளிய காத்தாட உட்காருங்க முதல்ல"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க. நாகஜோதிதான் போயி கூட்டியாந்திருக்கா. சேவுகனுக்கு உள்ள இருக்கிறப்பவே டிபின்னு கண்டுபிடிச்சு மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க. ஜாமீன் உத்தரவு சாயங்காலம் போச்சா, ஆளை அவசரமா வெளிய அனுப்பிட்டாங்க, மாத்திரை உள்ளயே நின்னு போச்சு. வெளிய போயி எங்க வாங்கணும்னு அவன்கிட்ட யாரும் சொல்லலை, அவனும் கேட்கலை. இருமல் பழகின இருமல்தானேன்னு இருந்துட்டான்.

சிஸ்டர் எக்ஸ்ரே எடுக்க வச்சு, வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினாங்க. வலது நுரையீரல்ல ஒரு பொத்தல், எலுமிச்சம்பழம் நுழையும்.

"இங்கதான் இருக்காங்களா எங்க ஆளுக"ன்னு அங்கம்மாக்கா அந்தப் பொத்தலைத் தொட்டுப் பார்த்துச்சு.

"அங்க கிருமிதான் இருக்கு"ன்னாங்க சிஸ்டர். "ஆறு மாசம் ஒருநாள் விடாம மாத்திரை சாப்பிட்டா மூடிரும். விட்டு விட்டுச் சாப்பிட்டா மாத்திரைக்கே அடங்காத டிபி ஆயிரும். வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கு, ஞாபகம் வச்சுக்கிடுங்க."

நான் சிஸ்டரைத் தனியாக் கூப்பிட்டு, அவன் நெஞ்சுல இருமுற மத்தவங்களுக்கும் சேர்த்து மாத்திரை குடுங்கம்மா, அவன் முழுங்கினா அவுகளுக்கும் போகும்ல, என் மகனும் அதுல இருக்கான்னு கேட்டேன். சிஸ்டர் அவன் நெஞ்சுல குழாயை வச்சு ரொம்ப நேரம் கேட்டுட்டு, இல்லைன்னு சொல்லலை. "கேட்கத்தான் செய்யுது"ன்னாங்க. "ஆனா ஒரு நெஞ்சுக்கு ஒரு அட்டைதான்மா போட முடியும். உள்ள இருக்கிறவங்களுக்கு உள்ளதான் போடணும். உங்க மகனைக் கேட்டு வாங்கச் சொல்லுங்க. சளி எடுத்துப் பாருங்கன்னு வாயைத் தொறந்து கேட்கணும், கேட்டா குடுத்துத்தான் ஆகணும்." கேட்கச் சொல்லணும்னா மனு பார்க்கணும். சரி போவோம்னு இருந்தோம்.

சேவுகன் மாத்திரை ஆரம்பிச்சான். பத்துப் பதினஞ்சு நாள்ல அவன் கன்னத்துல சதை பிடிக்க ஆரம்பிச்சுச்சு, தனுஷ்யாவைத் தூக்கித் தோள்ல வச்சான். அதே கணக்குக்கு நெஞ்சுல இருந்தவங்க ஒவ்வொருத்தரும் தூரமாப் போக ஆரம்பிச்சாங்க. சோணைமுத்து அண்ணனோட உறுமல் முதல்ல நின்னுச்சு. அப்புறம் இருமலே கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆச்சு. அங்கம்மாக்கா ரெண்டு நாள் சோறு திங்கலை.

தெரு கூடிப் பேசுச்சு. சண்டைக்கு எல்லாம் யாரும் வரலை, வந்திருந்தாக்கூடத் தேவலை. நயமாப் பேசினாங்க. "உன்னை நிப்பாட்டச் சொல்லலைப்பா. வாய்தா முடியிற வரைக்கும் கொஞ்சம் இடைவெளி விட்டுச் சாப்பிடு"ன்னாங்க. "உனக்காகத்தானே அங்கம்மா பத்திரத்தை வச்சா"ன்னாங்க. "சம்பவத்தன்னைக்கு நீ ஊசி போடப் போனே, அவங்க போயி நின்னாங்க"ன்னு ஒரு பெரிய மனுஷன் சொன்னாரு. அந்த ஒரு சொல்லுல சேவுகன் தலை கவுந்துருச்சு. கோழிக்குழம்பு ஒரு வீட்டுல இருந்து, நெத்திலிக் கருவாடு ஒரு வீட்டுல இருந்து, ஒவ்வொரு நாளும் மாத்திரை போடுற நேரத்துக்குச் சரியா ஒருத்தி வந்து, முன்னாடி உட்கார்ந்து, அவன் வாயையே பார்ப்பா. அவன் எங்கிட்டுப் போவான்? ஊரைத் தாண்ட முடியாது. ஸ்டேஷனுக்குப் போறான், கையெழுத்துப் போடுறான், வாசல்ல கூட்டம் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்குத் திரும்பி வர்றான். அந்தப் பிளாக்குலயாவது அவன் புரண்டா கூடப் புரள இன்னொருத்தன் இருந்தான், இங்க அதுக்கும் ஆள் இல்லை.

மாத்திரையை நாக்குக்கு அடியில வச்சுட்டு கூட்செட் சுவத்தோரமாப் போயி துப்பியிருக்கான். கண்டுபிடிச்சது நாகஜோதி. மாத்திரை உள்ள போனா மூத்திரம் செவப்பா வரும்னு சிஸ்டர் சொல்லியிருந்தாங்க. இவ காலையில கொல்லைக்குப் போயி பார்த்திருக்கா. நடுவீட்டுல நின்னு, "ஒரு வாரமா உன் மூத்திரம் வெள்ளையா இருக்கு, யாரை ஏமாத்துற"ன்னு கேட்டா. "சொல்லுய்யா"ன்னா. "சோணைமுத்து அண்ணனை நான் எப்படி நாகு வெளிய தள்ளுவேன்"னு சொல்லிட்டு, சோணைமுத்து அண்ணன் இருமலையே இருமினான்.

இதுக்கு நடுவுல வக்கீல் எட்வின் ஒரு யோசனை சொன்னாரு. உள்ள எல்லாரும் சீக்கா இருக்காங்கன்னு காட்டினா ஜாமீன் கிடைக்கும், காட்டுறதுக்கு ஆள்தான் வெளிய இருக்கே. சேவுகனைக் கூட்டிட்டுப் போயி கோர்ட்டுல நிறுத்தினோம். அவன் கூண்டுல ஏறி, வரிசையா எங்க ஆம்பளைங்க எல்லாரையும் இருமினான், நாங்க பின்னாடி நின்னு பேரைச் சொன்னோம். ஜட்ஜ் ஐயா பொறுமையா முழுசும் கேட்டாரு, குறை சொல்லக் கூடாது. சர்க்கார் தரப்புல, உள்ள யாருக்கும் ஒரு நோயும் இல்லைன்னு எழுதிக் குடுத்தாங்க. இருமினவர்கள் நேரில் ஆஜராகாததால்னு வாசிச்சு வாய்தா போட்டாங்க. சேவுகனை வீட்டுக்கு அனுப்பிட்டு நாங்க அங்க இருந்து நேரா ஜெயிலுக்கு மனு பார்க்கப் போனோம். வாசல்ல இருந்தவர், உள்ள நோய் பரவுது, அதனால மனு கிடையாது, திரும்பிப் போங்கன்னாரு. ஒரே நாள்ல ரெண்டையும் காதால கேட்டோம். கேட்டு மஞ்சப்பையோட திரும்பி வந்தோம். அன்னையில இருந்து எங்களுக்கு மனுவும் இல்லை. சேவுகன் நெஞ்சு ஒண்ணுதான் இருந்துச்சு.

அதனால யாரும் அவனைச் சாக விடவும் இல்லை, பிழைக்க விடவும் இல்லை. முட்டையைக் குடுத்தாங்க, பாலைக் குடுத்தாங்க, மாத்திரை நேரத்துக்கு வந்து உட்கார்ந்தாங்க. நாகஜோதி கத்துவா, அழுவா, சிஸ்டரைக் கூட்டியாருவா. சிஸ்டர் முன்னாடி முழுங்குவான், மறுநாள் துப்புவான். நான் ரெண்டு பக்கமும் இருந்தேன். நாகஜோதிகூட நின்னு தெருவை ஏசுவேன், தெருக்காரிங்களோட பாயில உட்கார்ந்து வீரணன் இருமுறதைக் கேட்பேன். கேட்காம என்னால இருக்க முடியலை, அம்புட்டுத்தான்.

அது ஒரு ஞாயித்துக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டு முடிச்சுட்டு பூராப் பேரும் வந்து உட்கார்ந்திருக்கோம். இருமல் ஒண்ணு கேட்டுச்சு. சின்னது, மெல்லிசு, பூனைக்குட்டி தும்மின மாதிரி. எல்லாரும் நிமிர்ந்தோம்.

"இது எங்க வீட்டு ஆளு, சளி குறைஞ்சிருக்கு"ன்னா ஒருத்தி.

"உங்க ஆளு இருமினா ஓடு பெயர்ந்துரும்டி. இது யாரோ புதுசு"ன்னா இன்னொருத்தி.

மறுபடி கேட்டுச்சு. "ஆமா, புதுசுதான். யாருக்கு இன்னும் வராம இருந்துச்சு, யோசிங்க"ன்னு அங்கம்மாக்கா கேட்டுச்சு. பின்னாடி இருந்த ஒருத்தி எந்திரிச்சு, ரவை வறுக்கட்டுமான்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா. யாரா இருந்தா என்ன, யார் வீடா இருந்தா என்ன, இன்னொரு ஆளு உசுரோட இருக்கான்னு எல்லார் மூஞ்சியிலயும் ஒரு சந்தோஷம். எனக்கும் இருந்துச்சு. மூணாவது தடவை வந்தப்பதான் நான் சேவுகனைப் பார்த்தேன். அவன் வாயில டீ கிளாஸ் இருந்துச்சு. கிளாஸை எடுக்காம, அப்படியே கண்ணைக் கீழ இறக்கி, மடியில உட்கார்ந்திருந்த தனுஷ்யாவைப் பார்த்துக்கிட்டு இருந்தான்.

அவ நாலாவது தடவை இருமினா. இருமிட்டு, எல்லாரும் தன்னையே பார்க்கிறாங்கன்னு வெட்கப்பட்டு அப்பன் சட்டைக்குள்ள மூஞ்சியை வச்சுக்கிட்டா.

நாகஜோதி அடுப்படியில இருந்து வந்தா. பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, பாயை ஒவ்வொண்ணா சுருட்டி வெளிய வச்சா, அதுல உட்கார்ந்திருந்தவங்க எந்திரிச்சு எந்திரிச்சு நகர்ந்தாங்க. கதவைச் சாத்திட்டா. பின்பக்கச் சன்னலை எல்லாம் தொறந்து விட்டா. உள்ள அவளும் பிள்ளையும் சேவுகனும் நானும். கொஞ்ச நாளா பிள்ளைக்குச் சாயந்திரமானா உடம்பு காஞ்சிருக்கு, வெயில்ல ஆடுறதாலன்னு நினைச்சிருக்கா. ஆஸ்பத்திரியில மூக்கு வழியாக் குழாய் விட்டு வயித்துல இருந்து தண்ணி எடுத்தாங்க. அது அழுத அழுகையைச் சொல்ல மாட்டேன். டிபி இருந்துச்சு. சிஸ்டர் அதோட நிக்கலை, தெருவையே வரிசையில நிறுத்தி ஆளுக்கு ஒரு டப்பாவைக் குடுத்து சளி வாங்கினாங்க. சேவுகன் நெஞ்சுல படுக்க வச்ச பச்சைப்பிள்ளைக்கும் எக்ஸ்ரே எடுத்தாங்க. யார் யாருக்கு வந்துச்சுன்னு இப்ப எதுக்கு, நல்லபடியா மாத்திரை சாப்பிடுதுக. சேவுகனுக்கு இன்னும் மாத்திரை கேட்குது, இன்னொரு தடவை விட்டா கேட்காதுன்னாங்க.

தெருவுல யாரும் அதுக்கப்புறம் உள்ள வரலை. வாசலை விட்டும் போகலை. சாத்தின கதவுக்கு முன்னாடி, வெயிலோ மழையோ, சுருட்டி வச்ச பாயைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வெறுந்தரையில உட்கார்ந்திருந்தாங்க. ஒரு வார்த்தை கேட்கலை. அந்தக் கேட்காம இருக்கிறதுதான் சேவுகனுக்குத் தாங்கலை. மாத்திரையை உள்ளங்கையில வச்சுக்கிட்டு, கதவைப் பார்க்கிறான், பிள்ளையைப் பார்க்கிறான், கை மேல எழும்ப மாட்டேங்குது. நாகஜோதி நீட்டினா வாங்குறான், வாய்க்குப் போகலை.

"மதினி, நீங்க குடுங்க"ன்னான்.

"ஏன், உன் பொண்டாட்டி குடுத்தா இறங்காதா?"

"அவளுக்கு உள்ள யாரும் இல்லை. நீங்க உங்க கையால குடுத்தீங்கன்னா நான் முழுங்கிருவேன். வெளிய இருக்கிறவங்களும் பார்த்துக்கிடட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அறைஞ்சிருப்பேன். எம் பிள்ளையை நானே வெளிய தள்ளணுமான்னு கேட்க வாய் வரைக்கும் வந்துச்சு. தனுஷ்யா குறுக்க வந்து, "பெரியம்மா, எனக்கும் மாத்திரை"ன்னு கையை நீட்டினா. குடுத்தேன். முதல்ல பிள்ளைக்கு, அப்புறம் அவனுக்கு. தினம் காலையில கதவைத் தொறந்து வச்சு, தெரு பார்க்கக் குடுத்தேன். அவன் தொண்டை ஏறி இறங்குறதைப் பார்த்துட்டுத்தான் செம்பைக் கீழ வைப்பேன்.

ஒவ்வொருத்தரா போனாங்க. ஒரு இருமல் நின்னா, அன்னைக்கு வெளிய ஒருத்தி எந்திரிச்சுப் பாயைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருவா. அது அங்க சொஸ்தமாகி நின்னுச்சா, செத்து நின்னுச்சா, இந்த மாத்திரையால இங்க மட்டும் நின்னுச்சா, யாருக்குத் தெரியும். சோணைமுத்து அண்ணன் போன அன்னைக்கு அங்கம்மாக்கா என்னைப் பிடிச்சு நிறுத்தி, "பொன்னழகு, நான் பூ வைக்கவா, வேண்டாமா, நீயே சொல்லு"ன்னு கேட்டுச்சு. "வையிக்கா"ன்னேன். எனக்குச் சொல்லத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். அக்கா அன்னையில இருந்து பூவை வாங்கித் தலையில வைக்காம, தண்ணிக் கிண்ணத்துல போட்டு வச்சிருக்கு.

கடைசியில வாசல்ல யாரும் இல்லை. நெஞ்சுல வீரணன் மட்டும் இருந்தான். கடைசியா வந்தவன், கடைசியா நின்னான். அவனும் நாளுக்கு நாள் மெலிஞ்சு, இடி ரெண்டும் போயி, அந்தக் கீச்சு மட்டும், அதுவும் காதை வச்சாத்தான் கேட்கும்னு ஆயிருச்சு.

அன்னைக்குக் காலையில மாத்திரையைப் பிரிச்சு எடுத்துட்டேன், செம்புல தண்ணியும் இருக்கு. சேவுகன் வாயைத் தொறக்கலை. "இன்னைக்கு ஒருநாள் விட்டுருவோமா மதினி"ன்னான். "யாருக்கும் தெரியாது." அடுப்படியில நாகஜோதி பாத்திரம் விளக்கிக்கிட்டிருந்த சத்தம் நின்னு போச்சு. தனுஷ்யா அவ பங்கு மாத்திரையைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சுட்டு, மேல் உதட்டைத் துடைக்காம எங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டு நின்னா. உள்ள இருந்து அந்தக் கீச்சு கேட்டுச்சு.

நான் குனிஞ்சு அவன் நெஞ்சுக்கிட்ட வாயைக் கொண்டு போனேன். சொல்லணும்னு எம்புட்டோ வச்சிருந்தேன்.

"வீரணா, அம்மா மாத்திரை குடுக்கப் போறேன்யா. நீயும் அங்க கேட்டு வாங்கித் தின்னு. குடுக்கலைன்னா சத்தம் போடு. எனக்குக் கேட்கலைன்னாலும் போடு."

பதிலுக்கு இருமுவானான்னு பார்த்தேன். அப்புறம் நிமிர்ந்து, "வாயைத் தொற தம்பி"ன்னேன்.

தொறந்தான்.